டிராப் சி-க்கு எந்த ஸ்ட்ரிங் போடுவது?

டிராப் சி என்பது ஆறாவது ஸ்ட்ரிங்கை ஈ-யிலிருந்து சி-க்கு இறக்கி, மற்றவற்றையும் தாழ்த்தும் ட்யூனிங். நான் முதல்முறை அப்படி இறக்கியபோது கிட்டாரில் இருந்தது 9-42 செட் (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). ஆறாவது ஸ்ட்ரிங் தொளதொளவென்று ஆடிப் பிக்கப்பில் போய் இடித்தது. அடித்த கணத்தில் சுருதி ஏறி, பிறகு மெதுவாகக் கீழே வந்து நின்றது. தளர்ந்த கம்பியை ஓங்கி அடித்தால் அப்படித்தான் ஆகும். அடுத்த முறை ஒரேயடியாக 13-62 போட்டேன். சுருதி நின்றது, ஒலி செத்துவிட்டது. கம்பி தடிக்கத் தடிக்க விறைப்பு கூடும், மேல் ஹார்மோனிக்ஸ் மங்கும். டிஸ்டார்ஷனில் கார்டுகள் சேறு மாதிரிக் குழம்பின.

தடித்த கம்பிதான் கனமான ஒலி தரும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பிளாக் சபாத் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி இடது கைக்காரர். ஃப்ரெட்டில் அழுத்தும் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை ஆலை விபத்தில் இழந்த அவர் மெல்லிய கம்பிகளைத்தான் போட்டார். விரலுக்கு இன்னும் இதமாக இருக்கவே ட்யூனிங்கையும் இறக்கினார். அந்த ஒலியின் கனத்தை யாரும் மறுக்க மாட்டார்கள்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில் உங்கள் கைக்குப் பழகிய செட் எது என்று பாருங்கள். அந்த டென்ஷனை, அதாவது கம்பியின் இழுவிசையைத்தான் கீழேயும் காப்பாற்ற வேண்டும். 25.5 அங்குல ஸ்கேலில் (கம்பி அதிரும் நீளம்) 46 ஸ்ட்ரிங் ஈ-யில், அதாவது 82.4 ஹெர்ட்ஸில், சுமார் 17 பவுண்டு இழுக்கும். அதையே சி-க்கு, 65.4 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் 11 பவுண்டுதான் மிஞ்சும். டென்ஷன் அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு விழுவதால் வரும் சரிவு இது.

நான் போடும் மனக்கணக்கு: ஒரு செமிடோன் (ஒரு ஃப்ரெட் அளவு சுருதி) இறங்கினால் கேஜ், அதாவது கம்பியின் தடிமன், 6 சதவீதம் ஏற வேண்டும். நான்கு செமிடோனுக்கு 46 என்பது 58 ஆகும். ஆனால் டிராப் சி-யில் ஆறாவது மட்டும்தான் நான்கு செமிடோன் இறங்குகிறது, மற்ற ஐந்தும் இரண்டுதான். பலர் சறுக்குவது இங்கேதான். மொத்தச் செட்டையும் தடிமனாக வாங்கிவிட்டு, பெண்ட் பண்ண (கம்பியை வளைத்துச் சுருதி ஏற்ற) முடியாமல் விரல் நோகிறார்கள். நான் 11-52 செட் வாங்கி, ஆறாவதை மட்டும் தனியாக வாங்கிய 56 கொண்டு மாற்றுகிறேன். கணக்குப்படி 58தான் வரும். ஆனால் பாம் மியூட்டில் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை லேசாக அமுக்கி வாசிப்பதில்) கொஞ்சம் உறுமல் வேண்டும், அது 56-இல்தான் எனக்குக் கிடைக்கிறது.

24.75 அங்குல ஸ்கேலில் டென்ஷன் 6 சதவீதம் குறையும், ஒரு படி தடிமனாகப் போங்கள். 27 அங்குல பாரிடோனில் 12 சதவீதம் கூடும், அங்கே மெலிதே போதும்.

மூன்றாவது ஸ்ட்ரிங் 20-ஐத் தாண்டினால் சுற்றிய கம்பியாக வாங்குங்கள். அவ்வளவு தடித்த வெறும் கம்பியில் இன்டோனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி பொருந்துவது) சரியாக வராது.

மாட்டியதும் நட்டை, அதாவது தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள கட்டையைப் பாருங்கள். 56 பள்ளத்தில் முழுதாக உட்காராவிட்டால் ட்யூன் பண்ணும்போது 'டிக்' என்று சிக்கும். அதற்கென்றே உள்ள அரத்தால் பள்ளத்தை அகலமாக்க வேண்டும், ஆழமாக்கக் கூடாது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி ஏறியிருந்தால் சாடிலை (பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் துண்டு) பின்னால் தள்ளுங்கள். டென்ஷன் பழையபடியே இருப்பதால் கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடைத் தொடும் வேலை பெரும்பாலும் வராது.

அப்புறம் ட்யூனரை மாட்டி, ரிஃப் வாசிக்கும் அதே வேகத்தில் ஆறாவதை அடியுங்கள். முள் மேலே துள்ளிவிட்டு இறங்கினால் அடுத்த முறை 58. முள் அசையாமல் நின்றும் ஒலி மந்தமாக இருந்தால் 54.