பைத்தான் கேள்வி-பதில் தொகுப்பு: பழசாகாமல் சேர்ந்து எழுதுவது எப்படி?

7-ஐ 2-ஆல் வகுத்தால் பைத்தான் என்ற நிரல்மொழியின் 2-ஆம் பதிப்பில் (பைத்தான் 2) விடை 3. பைத்தான் 3-ல் 3.5. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனால் "3 வரும்" என்று என்றைக்கோ எழுதிய பதில்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. அதைப் படிக்கும் புதியவர், தப்பு தன்மேல்தான் என்று நினைத்துக்கொள்கிறார். எனக்கு அது பொறுக்கவில்லை. பதில் பழசானால் அதுவே சத்தம் போட வேண்டும். அப்படி ஒரு தொகுப்பை உங்கள் குழுவே உருவாக்கலாம்.

படி 1: கேட்டவர் சொல்லிலேயே கேள்வி

குழுவில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரு வாரம் குறித்துவையுங்கள். "ஒரு வரிசையை மாற்றினால் எல்லா வரிசையும் மாறுகிறதே, ஏன்?" என்றுதான் புதியவர் தேடுவார். அதையே தலைப்பாக வையுங்கள். தொடங்குவதற்குப் பத்துக் கேள்வி போதும்.

படி 2: ஒரு கேள்விக்கு ஒரு கோப்பு

நிரல்களைச் சேர்ந்து எழுதிச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் ஒரு ரெப்போ (கோப்புகளுக்கான பொது இடம்) திறந்து, ஒவ்வொரு கேள்வியையும் தனி டெக்ஸ்ட் கோப்பாக வையுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு கேள்விகளை எழுதினாலும் மோதல் வராது. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் 1990-களில் எழுதிய கேள்வி-பதில் நிரலும் ஒவ்வொரு பதிலின் மாற்றங்களையும் தனித்தனியாகவே பதிவு செய்தது.

படி 3: பதிலையே சோதனையாக்குங்கள்

இதுதான் உயிர்நாடி. எடுத்துக்காட்டை இப்படி எழுதுங்கள்:

>>> 7 / 2
3.5

பைத்தானோடு கூடவே வரும் சோதனைக் கருவியான டாக்டெஸ்ட், கோப்பில் உள்ள இந்த வரிகளை ஓட்டிப் பார்க்கும். நீங்கள் 3 என்று எழுதியிருந்தால், எதிர்பார்த்தது 3, கிடைத்தது 3.5 என்று காட்டிக்கொடுத்துவிடும். எல்லாம் சரியென்றால் ஒன்றுமே சொல்லாது. ஓடவில்லையோ என்று பயப்படாதீர்கள். விடைக்குக் கீழே ஒரு வரி காலியாக விடுங்கள். விட மறந்தால் அடுத்த வாக்கியத்தையும் விடையின் பகுதி என்றே எடுத்துக்கொண்டு தோல்வி காட்டும். புதிதாக எழுதுபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான்.

யாராவது புல் ரிக்வெஸ்ட் (தன் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை) அனுப்பும்போதெல்லாம் இந்தச் சோதனை தானாக ஓடும்படி, கிட்ஹப்பின் தானியங்கி வசதியான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் அமைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை, யாரும் எதையும் மாற்றாவிட்டாலும், புதிய பைத்தானில் ஓடட்டும்.

படி 4: அக்டோபரில் ஒருமுறை கண்ணால் வாசியுங்கள்

எடுத்துக்காட்டு இல்லாத பதிலை டாக்டெஸ்டால் பிடிக்க முடியாது. "பைத்தானில் ஸ்விட்ச்-கேஸ் ஏன் இல்லை?" என்பது பழைய கேள்வி. ஒரு மதிப்பைப் பார்த்துப் பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டளைதான் ஸ்விட்ச்-கேஸ். 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பில் அதே வேலையைச் செய்யும் மேட்ச்-கேஸ் சேர்ந்ததும் அதற்கான பதில் மாறிவிட்டது. இப்போது புதிய பதிப்பு ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் வருகிறது. அப்போது கேள்விகளை ஆளுக்கு ஐந்தாகப் பிரித்துப் படியுங்கள். படித்து முடித்ததும் கோப்பின் தலையில் "பைத்தான் 3.13-ல் சரிபார்த்தது" என்பதுபோல ஒரு வரி எழுதுங்கள். பதில் மாறினாலும் கேள்வியை நீக்காதீர்கள். பழைய நிரலைக் கையில் வைத்துக்கொண்டு அதே கேள்வியோடு வருபவர் இன்னும் இருப்பார்.