டயர் ஒட்டிய 1:18 மாடல் கார்: சரிசெய்த விதம்

சிங்கப்பூர் வெக்கையில் டைகாஸ்ட் (உலோக வார்ப்பு) மாடல் கார்களின் டயர், டிஸ்ப்ளே பெட்டியின் அடித்தட்டோடு ஒட்டிக்கொள்ளும். வெப்பம் வேகப்படுத்துகிறது, அவ்வளவுதான். மூலகாரணம், மென்மையான பிவிசி டயரிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசர், அதாவது பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் ரசாயனம். அது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தட்டையே இளக்கிவிடும்.

என் 1:18 (அசலில் 18-ல் ஒரு பங்கு அளவு) ஜாகுவார் இ-டைப் காரில் நான்கு டயரும் பிடித்திருந்தன. பிடித்து இழுத்தால் ஆக்சில் வளையும். டென்டல் ஃபிளாஸ் நூலை டயருக்கும் தட்டுக்கும் நடுவே நுழைத்து, ரம்பம்போல மெதுவாக அறுத்தேன், அலுங்காமல் வந்துவிட்டது. பிசுபிசுப்புக்கு வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், பஞ்சுக்குச்சி போதும். அசிட்டோன் வேண்டவே வேண்டாம், பெயிண்ட் போய்விடும்.

இப்போது சேசிஸுக்கு (காரின் அடிச்சட்டம்) அடியில் சிறு மரக்கட்டை. டயர் தட்டிலிருந்து 1 மி.மீ. மேலே நிற்கிறது. கட்டை வைக்க இடமில்லாத கார்களுக்கு, டயரின் கீழே அலுமினியத் தாள்.