மக்கு வீரன் ஒருவனை உருவாக்குவது எப்படி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை நடிக்கும் விளையாட்டின் மேசையில் மக்குக் கேரக்டர் ஒன்று உட்கார்ந்தால் முதல் வாரம் எல்லோரும் சிரிப்பார்கள். நான்காவது வாரம் அவன் வாயைத் திறந்ததுமே ஒருவர் போனை எடுப்பார், இன்னொருவர் டீ போட எழுந்து போவார். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: மூளையே இல்லாதவனாக அவனை ஆடியிருப்பார்கள். யோசிக்காதவன் அடுத்து என்ன செய்வான் என்று யாராலும் ஊகிக்க முடியாது. ஊகிக்கவே வழியில்லாத இடத்தில் சிரிப்பு நிற்காது.

நம்மைச் சிரிக்க வைக்கும் மக்கு நிறைய யோசிப்பவன். தவறான இடத்தில் தொடங்கி, படிப்படியாக, ஒழுங்காக யோசித்து, தப்பான முடிவுக்கு முழு நம்பிக்கையோடு வந்து சேர்பவன். அவன் எங்கே போய் நிற்பான் என்று மற்றவர்கள் ஒரு நொடி முன்னாலேயே கண்டுபிடித்துவிட வேண்டும். "ஐயோ, இவன் இப்போ அதைச் செய்யப் போறான்" என்று மேசை முழுக்கத் தெரிவதுதான் உங்களுக்குக் கிடைக்கும் சிரிப்பு. அதனால் பகடையைத் தொடும் முன் எழுத வேண்டியது அவனுடைய தவறான விதியை.

விதியை எழுதுதல்

ஒரே ஒரு வாக்கியம். உலகம் எப்படி இயங்குகிறது என்று அவன் நம்புவது. உதாரணத்துக்கு ஒரு ஃபைட்டரை (சண்டை வீரனை) எடுத்துக்கொள்வோம், பெயர் கோரன். பண்ணையில் ஆடு மாடு மேய்த்து வளர்ந்தவன். அவன் ஊரில் பூட்டு போட்டிருந்த ஒரே இடம் தொழுவம். ஆகவே அவன் விதி: "பூட்டு போடுவது உள்ளே இருப்பவர்கள் வெளியே போய்விடாமல் இருக்கத்தான்."

இந்த ஒரு வாக்கியத்திலிருந்து எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். பூட்டிய புதையல் பெட்டியைக் கண்டால் உள்ளே யாரோ அடைபட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, குனிந்து சாவித்துவாரத்தில் ஆறுதல் சொல்வான். குழுவிலுள்ள விஸார்டின் (மந்திரவாதியின்) மந்திரப் புத்தகத்தில் கொக்கிப் பூட்டைப் பார்த்துவிட்டு, "அதுக்குச் சாப்பாடு போட்டீங்களா?" என்று கேட்பான். இரவானால் நகரத்தின் கோட்டைக் கதவைப் பூட்டுகிறார்கள் என்று தெரிந்தால், அந்த ஊர் மக்கள் எல்லோரையும் பார்த்து அவனுக்குப் பாவமாக இருக்கும். சிறைச்சாலைக்குப் போனால் அவன் சொல்வது சரி. மிமிக் என்ற பெட்டி வேடம் போடும் அரக்கன் வந்த நாளில், உள்ளே உயிர் இருக்கிறது என்று குழுவிலேயே சரியாகச் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

நீங்கள் எழுதும் விதி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். ஒவ்வொரு முறை ஆட உட்காரும்போதும் அது தலைகாட்டுமா? அவனை ஏதாவது செய்ய வைக்குமா? எப்போதாவது உண்மையாகிவிடுமா? மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். எப்போதுமே தப்பாகப் போகும் விதியை மற்றவர்கள் கேட்பதையே நிறுத்திவிடுவார்கள். பத்தில் ஒரு தடவை பலிக்கும் விதிக்கு மேசை எப்போதும் காது கொடுக்கும்.

"எதையும் படிக்க மாட்டான்", "எல்லாவற்றுக்கும் பயப்படுவான்" போன்றவை தேறாது; அவை ஆட்டத்தை நிறுத்துகின்றன. "பார்த்ததை எல்லாம் அடிப்பான்" என்பது டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) தயார் செய்து வைத்த ஆட்களைக் கொன்று தீர்க்கும். "காசைத் தின்பான்" ஒரு முறை சிரிப்பு, இரண்டாம் முறை மௌனம்.

விதி யாருக்கு நஷ்டம் தருகிறது என்பதையும் இப்போதே பாருங்கள். கோரன் பூட்டிய கதவைத் தட்டி உரக்கக் கூப்பிடுபவனாக இருந்தால் காவலர்கள் விழித்துக்கொள்வார்கள், அடி குழு முழுவதற்கும் விழும். அதனால்தான் அவன் சாவித்துவாரத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டுக் கிசுகிசுப்பவன். அதில் விஷ ஊசிப் பொறி இருந்தால் குத்துவது அவன் காதில் மட்டும். இந்தச் சின்ன மாற்றம்தான் அவனை எல்லோரும் விரும்பும் ஆளாக ஆக்குகிறது.

எண்களைப் போடுதல்

பலர் இங்கேதான் தொடங்குகிறார்கள்: கேரக்டரின் அறிவைக் காட்டும் இன்டெலிஜென்ஸ் எண்ணை எவ்வளவு குறைக்கலாம் என்று. 8 போதும். சாதாரண ஊர்க்காரனுக்கு 10, மாடிஃபையர் (பகடையோடு கூட்டும் எண்) பூஜ்யம்; 8 என்றால் மைனஸ் 1. டிசி (இருபது முகப் பகடையும் மாடிஃபையரும் சேர்ந்து எட்ட வேண்டிய எண்) 10 உள்ள ஒரு விஷயத்தில் ஊர்க்காரன் ஜெயிக்க 55 சதவீதம், உங்கள் ஆளுக்கு 50. வித்தியாசம் அவ்வளவே. மக்குத்தனத்தைப் பகடை காட்டப் போவதில்லை, நீங்கள்தான் காட்ட வேண்டும். 27 புள்ளிகளைக் கொண்டு இந்த எண்களை வாங்கும் முறையிலும் 8க்குக் கீழே போக வழியில்லை. நான்கு பகடை உருட்டிச் சிறியதைக் கழிக்கும் முறையில் 5 விழுந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: விளையாட்டின் அரக்கர் கையேடான 2014 மான்ஸ்டர் மேனுவலில் ஓகர் என்ற முரட்டு அரக்கனுக்கு 5, மனிதக் குரங்குக்கு 6. அந்த அளவில் ஒரு கேரக்டரை மாதக்கணக்கில் பேச வைப்பது கடினம். அந்த எண்ணை வேறு இடத்தில் போட்டுவிடுவது நல்லது.

கோரனுக்கு வழக்கமான 15, 14, 13, 12, 10, 8 வரிசையை எடுத்து, விளையாட்டின் 2024 விதிப்புத்தகப்படி ஃபார்மர் (விவசாயி) பின்னணியைக் கொடுத்தால் கணக்கு இப்படி வரும். ஸ்ட்ரென்த்தில் (உடல் பலம்) 15 போட்டுப் பின்னணியின் 2 சேர்த்தால் 17. கான்ஸ்டிட்யூஷன் (தாக்குப்பிடிக்கும் சக்தி) 14. விஸ்டம் 13 உடன் 1 சேர்ந்து 14. கரிஸ்மா (ஆளுமைக் கவர்ச்சி) 12, டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 10, இன்டெலிஜென்ஸ் 8. செயின் மெயில் (சங்கிலிக் கவசம்) போடுவதால் டெக்ஸ்டெரிட்டி குறைவாக இருப்பது பாதிக்காது, ஏசி (அவனை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 16. அந்தப் பின்னணியோடு டஃப் என்ற ஃபீட் (சிறப்புத் திறன்) வருவதால் முதல் லெவலிலேயே 14 ஹெச்பி (உயிர்ப்புள்ளிகள்). காதில் ஊசி குத்திக்கொள்ளும் ஆளுக்கு இது அவசியம்.

விஸ்டம் 14 தற்செயலாகப் போட்டதல்ல. இன்டெலிஜென்ஸ் என்பது நினைவும் தர்க்கமும். விஸ்டம் என்பது கவனிப்பும் ஆள் அறிதலும். இரண்டையும் சேர்த்துக் குறைத்தால் வருவது கல். ஒன்றைக் குறைத்து மற்றதை உயர்த்தினால் வருவது மனிதன். ஃபைட்டர் தேர்ந்தெடுக்கும் திறமைகளில் இன்சைட் (ஆள் மனம் அறிதல்), அத்லெடிக்ஸ் இரண்டையும் எடுங்கள். இன்சைட் பிளஸ் 4 ஆகிவிடும். வியாபாரி பொய் சொல்கிறான் என்பது கோரனுக்கு உடனே தெரியும், ஏன் சொல்கிறான் என்பதுதான் புரியாது. "இவர் பொய் சொல்றாரு. பாவம், பசி போல." மிருகங்களைப் பழக்கும் அனிமல் ஹேண்ட்லிங்கும் பிளஸ் 4. மிருகங்கள் வரும் இடத்தில் குழுவே அவன் பின்னால் நிற்கட்டும். ஒரு விஷயத்திலாவது மேசையில் அவனை மிஞ்ச ஆள் இருக்கக் கூடாது. இல்லாவிட்டால், ஆபத்து நிறைந்த குகைக்கு இவனை ஏன் கூட்டிப்போகிறோம் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் இருக்காது.

பேச்சு

தமிழில் ஆடும் குழுக்களில் இது பெரிய விஷயம். விஸார்டு செந்தமிழ் பேசுவார், மக்கு மட்டும் ஏதோ ஒரு ஊர் வழக்கில் பேசுவான். வேண்டாம். அந்த வட்டாரத்துக்காரர் யாராவது மேசையில் இருப்பார், அல்லது அவருடைய அம்மா அப்படிப் பேசுவார். ஊர்ப் பேச்சை மக்குத்தனத்தின் அடையாளமாக ஆக்குவது அவர்களைப் புண்படுத்தும், கேரக்டருக்கும் ஒன்றும் சேர்க்காது. திக்குவாய், கோணல் நடை, மழலை, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களைப் போல நடிப்பது ஆகியவையும் அப்படியே. இவை எதுவும் இல்லாமலே நன்றாகச் சிரிக்க வைக்கலாம் என்பதால் விட்டுவிடுவதில் இழப்பே இல்லை. ஆட்டம் தொடங்கும் முன்பு நடக்கும் முதல் சந்திப்பிலேயே, உங்கள் கேரக்டர் எந்த வகையில் மக்கு என்று மற்றவர்களிடம் சொல்லி, யாருக்காவது சங்கடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

பேச்சுக்கு ஒரு வழி உண்டு: கோரன் உங்களைப் போலவே பேசட்டும், ஆனால் நிதானமாக, குட்டி வாக்கியங்களில், முழு உறுதியோடு. "நினைக்கிறேன்", "இருக்கலாம்" என்ற சொற்களை அவன் வாயில் வைக்காதீர்கள். தோழர்களின் பெயரை மாற்றி மாற்றிச் சொல்லும் உத்தி எல்லோருக்கும் முதலில் தோன்றும், இரண்டாம் முறையிலேயே சலித்துவிடும்.

மேசையில் ஆடுவது

நாலு மணி நேர ஆட்டத்தில் அவனுடைய விதி இரண்டு அல்லது மூன்று தடவை வெளிப்பட்டால் நிறைவு. மற்ற நேரத்தில் அவன் சாதாரண, நம்பகமான வீரன். கதவருகே காவல் நிற்பான், சண்டையில் முன்னால் போவான். இன்னொருவருடைய கேரக்டர் இறந்த தம்பியைப் பற்றிப் பேசும் காட்சியில் வாயைத் திறக்காதீர்கள்.

செயலைச் செய்துவிட்டுச் சொல்லாமல், செய்யப்போவதைச் சொல்லுங்கள். "கோரன் பெட்டிகிட்ட போறான், குனியறான்…" என்று நிறுத்துங்கள். மற்றவர்களுக்கு அவனைப் பிடித்து இழுக்க ஒரு மூச்சு நேரம் கொடுங்கள். அவர்கள் இழுத்தால் அதுவே காட்சி. விட்டுவிட்டால், பின்னால் வரும் விளைவுக்கு அவர்களும் பங்காளிகள், யாருக்கும் கோபம் வராது. குழுவின் திட்டத்தைக் கெடுத்துவிட்டு "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்பது நட்பைக் கெடுக்கும். கேரக்டரை எழுதியது நீங்கள்தான்.

அர்கானா, ஹிஸ்டரி, நேச்சர், ரிலிஜன், இன்வெஸ்டிகேஷன் ஆகிய ஐந்து திறமைகளும் இன்டெலிஜென்ஸைச் சார்ந்தவை. இவற்றில் தோற்றால் "தெரியவில்லை" என்று டிஎம் சொல்வதோடு விடாமல், அவன் என்ன நம்புகிறான் என்று சொல்ல அனுமதி கேளுங்கள். பழைய அரசனின் கல்லறைக்குப் பெரிய பூட்டு ஏன் என்று கேட்டால், "செத்தப்புறமும் வெளிய சுத்தினவரா இருக்கணும்" என்பான். ஒரு எச்சரிக்கை: நீங்கள் சொல்வது தவறு என்று எல்லோருக்கும் பளிச்சென்று தெரிய வேண்டும். பாதி நம்பும்படி சொன்னால் குழு அதை டிஎம் தந்த துப்பு என்று எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வீணாக்கும். மாறாகப் பகடையில் 20 விழுந்துவிட்டால் தயங்காமல் அறிவைக் கொடுங்கள், ஆனால் காரணம் பண்ணையிலிருந்து வரட்டும். அந்த விஷக் காளானை அவனுக்குத் தெரியும், ஏனென்றால் அவன் வீட்டு ஆடு அதைத் தின்றது.

புதிரின் விடை உங்களுக்குத் தெரிந்து அவனுக்குத் தெரியக்கூடாது என்ற நிலை அடிக்கடி வரும். விடையை விழுங்கிக்கொண்டு எல்லோரையும் தவிக்க விடாதீர்கள். அவன் வாயில் அதை ஒரு அப்பாவிக் கேள்வியாக வையுங்கள்: "இந்த மூணு சிலையும் ஏன் ஒரே பக்கம் பார்க்குது? அங்கேர்ந்து யாராவது வராங்களா?" விஸார்டை ஆடுபவர் மீதியைப் பிடித்துக்கொள்வார். பெருமை அவருக்குப் போகும், ஆட்டமும் நகரும்.

அவனைக் கொல்லக்கூடியவை

இன்டெலிஜென்ஸ் சேவ் (தாக்குதலிலிருந்து தப்ப உருட்டும் பகடை) கேட்கும் எதிரிகள் குறைவு, ஆனால் வந்தால் கொடுமை. 2014 விதிப்புத்தகத்தில் இன்டலெக்ட் டிவவுரர் என்ற மூளை தின்னும் அரக்கன் பத்தடிக்குள் வந்தால் டிசி 12. கோரன் 13 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும், தோற்க 60 சதவீதம். தோற்றால் டிஎம் மூன்று ஆறுமுகப் பகடை உருட்டுவார். கூட்டுத்தொகை 8 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்டெலிஜென்ஸ் பூஜ்யமாகி அவன் செயலற்று விழுவான். அப்படி வர சுமார் 84 சதவீதம். இரண்டையும் சேர்த்தால் ஒவ்வொரு முயற்சியிலும் பாதிக்குப் பாதி. அவனை மீட்கக் கிரேட்டர் ரெஸ்டரேஷன் மந்திரம் தெரிந்த ஆள் வேண்டும். அது கிளரிக்குக்கு (பூசாரிக் கேரக்டருக்கு) ஒன்பதாம் லெவலில்தான் கிடைக்கும். மைண்ட் ஃபிளேயர் என்ற அரக்கனின் மைண்ட் பிளாஸ்ட் தாக்குதலுக்கு டிசி 15, கோரன் தப்ப 25 சதவீதமே. இதையெல்லாம் டிஎம்மிடம் முன்கூட்டியே பேசுங்கள். ஒரு நகைச்சுவைக் கேரக்டர் மூன்றாம் லெவலில் மூளை தின்னப்பட்டு முடிவது யாருக்கும் பிடிக்காது.

மனதில் மாயத்தோற்றம் காட்டும் ஃபேன்டஸ்மல் ஃபோர்ஸ் மந்திரத்தை மட்டும் வரவேற்கலாம். அதில் சிக்கியவன், கண்முன் நடக்கும் பொருந்தாத விஷயங்களுக்கெல்லாம் தானே காரணம் கற்பித்துக்கொள்வான் என்பது மந்திரத்தின் விதியிலேயே இருக்கிறது. கோரன் பிறந்ததே அதற்காகத்தான். அந்த ஒரு நிமிடத்தை நன்றாக ஆடினால் டிஎம் இன்ஸ்பிரேஷன் என்ற பரிசு தர வாய்ப்புண்டு. 2024 விதிப்புத்தகப்படி அதைக் கொண்டு ஒரு பகடையை மறுபடி உருட்டலாம்.

விதியைத் திருத்துதல்

நான்காம் லெவலுக்கு முன்னால், அவன் விதி அவன் கண்ணெதிரே ஒரு முறை உடைய வேண்டும். பெட்டி திறக்கிறது, உள்ளே வெறும் தங்கம். மூன்று மாதம் அதே நகைச்சுவையை நீட்ட முடியாது என்பதால், இதை டிஎம்முடன் சேர்ந்து திட்டமிடுங்கள். உடைந்ததும் கோரன் புத்திசாலி ஆகக் கூடாது. விதியைத் திருத்திக்கொள்ள வேண்டும். "உள்ள இருந்தவர் தப்பிச்சுட்டார். போகும்போது வாடகையை வெச்சுட்டுப் போயிருக்கார்." இனி அவன் தேடுவது அந்த வாடகையை யாரிடம் சேர்ப்பது என்பதை. குழு பங்கு பிரிக்கும்போது தன் பங்கை மட்டும் தனிப் பையில் போட்டு வைப்பான், மற்றவர்கள் பங்கில் கை வைக்க மாட்டான். புதிய வாக்கியத்தைக் கேரக்டர் ஷீட்டில் பழையதற்குக் கீழே எழுதி, டிஎம்மிடம் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.