வியூஸில் பத்தாண்டுவாரியாகப் பிரிக்க ஒரு சின்ன ஃபார்முலா

பினாங்கில் ஒரு தமிழர் சங்கத்துக்கு ட்ரூப்பலில் (வலைத்தளம் கட்டும் மென்பொருள்) தளம் கட்டிக்கொண்டிருக்கிறேன். செயலாளர் ஒரு நாள் மைலோ அட்டைப்பெட்டி நிறைய பழைய மலர்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கோயில் திருவிழா மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், பொன்விழா மலர், 2016-இல் நம் நாட்டுத் தமிழ்க்கல்வியின் 200 ஆண்டு கொண்டாட்டத்தின்போது வந்தவை என்று எல்லாம் கலந்து கிடந்தன. ஸ்டேப்பிளர் கம்பி துருப்பிடித்து, தொட்டால் விரலில் செம்மண் போல ஒட்டியது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றி முடித்த பிறகு கேட்டார்: “தம்பி, அம்பதுகள்ல வந்தது ஒரு பக்கம், அறுபதுகள்ல வந்தது ஒரு பக்கம்னு பிரிச்சிக் காட்ட முடியுமா?”

“அதுக்கென்ன அண்ணே, செஞ்சிடலாம்” என்று சொல்லிவிட்டேன். அதற்கு மூன்று இரவு போனது. உங்களுக்கு அரை மணியில் முடியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பட்டியல்களைக் கட்டித் தரும் ட்ரூப்பலின் வியூஸ் பகுதியில்தான் இந்த வேலை.

ட்ரூப்பல் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும். கோடில் வரும் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். தனி மாட்யூல் உண்டாக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். என் மாட்யூலின் பெயர் மலர்.

முதலில், இது உங்களுக்கு வேண்டுமா?

மலர்களைத் தலைப்பின் முதலெழுத்தைக் கொண்டு பிரிக்க நினைத்தால் கோடே எழுத வேண்டாம். தலைப்பைக் கண்டெக்ஸ்சுவல் ஃபில்டராக (முகவரியில் வரும் மதிப்பைக் கொண்டு பட்டியலை வடிகட்டுவது) சேர்த்து, குளோசரி மோடை டிக் செய்து, எழுத்து எண்ணிக்கையை 1 என்று வைத்தால் போதும். யூனிகோடில் கோ என்பது க என்ற எழுத்தும் அதற்கான குறியும்தான். அதனால் கா, கி, கோ எல்லாம் தாமாகவே க-வின் கீழ் வந்து விழும். ஒரு சிக்கல் உண்டு. பலர் ஔவையார் என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டுகிறார்கள். அந்த ஔவையார் ஒ வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார். அதைத் திருத்துவது தட்டச்சு செய்பவர் கையில்தான் இருக்கிறது.

ஒரு பதிவை ஏற்றிய தேதியின் ஆண்டு, மாதம் கொண்டு பிரிக்கவும் வியூஸிலேயே ஆர்கியுமென்ட் (கண்டெக்ஸ்சுவல் ஃபில்டருக்குக் கோடில் உள்ள பெயர்) இருக்கிறது. பத்தாண்டுக்குத்தான் இல்லை. நாமே செய்ய வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், அந்த ஆண்டு, மாத ஆர்கியுமென்ட்களும் ஃபார்முலா என்ற ஒரே தாய் க்ளாஸிலிருந்து பிறந்தவை. நாம் செய்யப்போவது அவற்றுக்கு ஒரு தம்பி.

ஃபீல்டு

ஆண்டுக்கு முழு எண் ஃபீல்டு வையுங்கள், தேதி ஃபீல்டு வேண்டாம். பழைய மலர்களில் மாதமும் நாளும் எங்கே கிடைக்கிறது? சிலவற்றின் அட்டையில் ஆண்டே இல்லை. பின்பக்கத்து நகைக்கடை விளம்பரத்தில் அச்சடித்த நாட்காட்டியைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். என் ஃபீல்டின் பெயர் ஃபீல்டு_வருடம்.

கணக்கு

1957-ஐ 1950 ஆக்க வேண்டும். பத்தால் வகுத்து, தசமத்தை வெட்டி, மறுபடி பத்தால் பெருக்கலாம். எனக்கு அதைவிட மீதியைக் கழிப்பது பிடிக்கும்: 1957-ஐ பத்தால் வகுத்தால் மீதி 7, கழித்தால் 1950. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் மூன்றிலும் ஒரே எழுத்தில் ஓடும். ஃபார்முலா இப்படி இருக்கும்:

***டேபிள்***.ஃபீல்டு_வருடம்_வேல்யூ - (***டேபிள்***.ஃபீல்டு_வருடம்_வேல்யூ % 10)

அந்த நட்சத்திரங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் மூன்று, பின்னால் மூன்று. என் மூன்று இரவில் இரண்டை விழுங்கியவை அவைதான். கீழே வருகிறேன்.

வியூஸுக்குச் சொல்வது

மாட்யூல் ஃபோல்டரில் மலர்.வியூஸ்.இன்க் என்று ஒரு ஃபைல். அதில் மலர்_வியூஸ்_டேட்டா_ஆல்டர் என்று ஒரு ஃபங்ஷன். ட்ரூப்பல் 11-இல் ஹூக்கை (இப்படிப் பெயர் வைத்தால் ட்ரூப்பல் தானே கூப்பிடும் ஃபங்ஷன்) க்ளாஸுக்குள் எழுதும் புது முறை வந்திருக்கிறது. பழைய முறையும் ஓடுகிறது, எனக்குப் பழசே போதும்.

அந்த ஃபங்ஷனுக்குள் நோடு__ஃபீல்டு_வருடம் என்ற டேபிளின் கீழே வருடம்_பத்து என்று புது வரிசை ஒன்றைச் சேர்க்க வேண்டும். நோடுக்கும் ஃபீல்டுக்கும் நடுவே இரண்டு அடிக்கோடு என்பதை மறக்காதீர்கள். புது வரிசைக்கு டைட்டில், குரூப், ஹெல்ப் மூன்றையும் கொடுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் வியூஸ் பட்டியலில் ‘எரர்: மிஸ்ஸிங் ஹெல்ப்’ என்கிற மாதிரி அசிங்கமாக நிற்கும். பிறகு ஆர்கியுமென்ட் என்ற பகுதியில் இரண்டே சாவி: ஐடி என்பதற்கு ஃபார்முலா என்ற சொல், ஃபார்முலா என்பதற்கு மேலே கொடுத்த கணக்கு.

அவ்வளவுதான். க்ளாஸ் எதுவும் எழுத வேண்டாம். எனக்கு இது தெரியாமல் முதல் நாளே ஒரு முழு க்ளாஸை எழுதி, கொயரி ஃபங்ஷனையும் நானே மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். கோரில் (ட்ரூப்பலின் மூலக் கோடு) இருக்கும் ஃபார்முலா க்ளாஸைத் திறந்து படித்தபோதுதான் தெரிந்தது: டெஃபினிஷனில் ஃபார்முலா என்ற சாவி இருந்தால் அது தானே எடுத்துக்கொள்கிறது.

ட்ரஷ்ஷில் (ட்ரூப்பலுக்கான கட்டளைவரிக் கருவி) கேஷைத் துடையுங்கள். துடைக்காமல் வியூஸில் போய்த் தேடினால் வராது.

அந்த நட்சத்திரங்கள்

நான் முதலில் நட்சத்திரத்தைப் பார்த்து, இது ஏதோ உதாரணத்துக்காகப் போட்டது என்று நினைத்தேன். அதை எடுத்துவிட்டு நோடு__ஃபீல்டு_வருடம் என்று டேபிளின் பெயரையே நேராக எழுதினேன். ஓடியது! 1950 பக்கத்தில் ஐம்பதுகளின் மலர்கள் வந்தன. செயலாளருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன், அவரும் கும்பிடு போட்டுப் பதில் அனுப்பினார்.

அடுத்த வாரம் அவருக்கு இன்னொரு ஆசை. மலரை வெளியிட்ட சங்கம் எந்தப் பத்தாண்டில் தொடங்கியது என்பதைக் கொண்டும் பிரிக்க வேண்டுமாம். சங்கங்களுக்கும் நான் அதே ஃபீல்டு_வருடத்தைத்தான் தொடங்கிய ஆண்டுக்கு வைத்திருந்தேன். மலரிலிருந்து சங்கத்துக்கு ஒரு ரிலேஷன்ஷிப் போட்டு, கண்டெக்ஸ்சுவல் ஃபில்டரை அந்த ரிலேஷன்ஷிப் வழியாக வைத்தேன். பக்கம் திறந்தது, எரர் இல்லை, பட்டியலும் வந்தது. ஆனால் 1930 பக்கத்தில் முப்பதுகளில் தொடங்கிய சங்கங்களின் மலர்கள் வர வேண்டிய இடத்தில், முப்பதுகளில் அச்சான இரண்டு மலர்கள் மட்டும் நின்றன.

எரர் வந்திருந்தால் பத்து நிமிடத்தில் பிடித்திருப்பேன். வராததால்தான் இரண்டு இரவு. ஆகக் கடைசியில் வியூஸின் செட்டிங்ஸ் பக்கத்தில் எஸ்க்யூஎல் கொயரியைக் காட்டு என்ற பெட்டியை டிக் செய்து பார்த்தேன். ஒரே டேபிள் இரண்டு முறை இணைந்திருந்தது. ஒன்று மலரின் ஆண்டுக்கு, ஏனென்றால் பட்டியலை ஆண்டுப்படி அடுக்கச் சொல்லியிருந்தேன். அதற்கு டேபிளின் சொந்தப் பெயர். இன்னொன்று சங்கத்தின் ஆண்டுக்கு. அதற்கு வியூஸ் ரிலேஷன்ஷிப்பின் பெயரையும் முன்னால் ஒட்டி நீளமாக ஒரு மாற்றுப்பெயர் வைத்திருந்தது. என் ஃபார்முலாவில் சொந்தப் பெயர் எழுதியிருந்ததால் அது போய் மலரின் ஆண்டைப் பிடித்துக்கொண்டது. ஒரே வீட்டில் இரண்டு ராஜு இருக்கும்போது ‘ராஜு!’ என்று கூப்பிட்ட கதை.

***டேபிள்*** என்று எழுதினால், கொயரி கட்டும் நேரத்தில் அந்தந்த இடத்துக்கு உரிய மாற்றுப்பெயரை வியூஸே அங்கே மாற்றி வைக்கும். எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் மாற்றும். நட்சத்திரம் ஒன்று குறைந்தால் அப்படியே டேட்டாபேஸுக்குப் போய் சின்டாக்ஸ் எரர் வரும். அது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிற பிழை.

கொயரியைக் காட்டும் அந்தப் பெட்டியை டெவலப் செய்யும்போது எப்போதும் திறந்தே வையுங்கள். இதற்கென்று தனி மாட்யூல் தேவையில்லை என்பது என் கருத்து. அதே செட்டிங்ஸ் பக்கத்தில் அட்வான்ஸ்டு பகுதியை எப்போதும் விரித்துக் காட்டவும் ஒரு டிக் இருக்கிறது. கண்டெக்ஸ்சுவல் ஃபில்டர் அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

வியூஸில் சேர்ப்பது

பேஜ் டிஸ்ப்ளேயின் பாதையை வெறும் மலர்கள் என்று வையுங்கள். கண்டெக்ஸ்சுவல் ஃபில்டரில் நம்முடையதைச் சேருங்கள். முகவரியில் மதிப்பு இல்லாதபோது என்ன செய்வது என்ற இடத்தில் சம்மரி காட்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். 1950, 1960 என்று ஒவ்வொரு பத்தாண்டும், பக்கத்தில் எத்தனை மலர் என்ற எண்ணும் தானாக வரும். செயலாளருக்கு அந்த எண்தான் ரொம்பப் பிடித்தது.

சம்மரியில் வெறும் 1950-க்குப் பதில் 1950கள் என்று வர வேண்டுமானால்தான் ஒரு க்ளாஸ் வேண்டும். ஃபார்முலா க்ளாஸை நீட்டித்து, சம்மரிநேம், டைட்டில் என்ற இரண்டு ஃபங்ஷனில் மதிப்போடு ‘கள்’ சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள். டெஃபினிஷனில் ஐடி-யை உங்கள் ப்ளகினின் பெயருக்கு மாற்றுங்கள். கணக்கு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஃபோல்டர் பெயரில் வியூஸ், ஆர்கியுமென்ட் இரண்டும் சின்ன எழுத்து. என் மேக்கில் பெரிய எழுத்தில் வைத்தும் ஓடியது, லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் ப்ளகினைக் காணோம்.

கொயரி ஃபங்ஷனை மட்டும் மாற்றி எழுதாதீர்கள். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் முகவரியில் வரும் மதிப்பை ஃபார்முலாவோடு நேராக ஒட்டாமல் ப்ளேஸ்ஹோல்டர் வழியாகக் கொடுங்கள். 2014 அக்டோபரில் ட்ரூப்பல்கெடன் என்று பேர் வாங்கிய ஓட்டை எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன்தான். அது கோரிலேயே இருந்த பிழை. நாம் நம் பங்குக்கு ஒன்று சேர்க்க வேண்டாம்.

பின்சேர்க்கை

கோலாலம்பூரிலிருந்து ஒருவர், ஐடி-க்குப் பதில் ஹேண்ட்லர் என்ற சாவியில் வியூஸ்_ஹேண்ட்லர்_ஆர்கியுமென்ட்_ஃபார்முலா என்று போட்டும் வரவில்லை என்று எழுதியிருந்தார். அது ட்ரூப்பல் 7 காலத்துக் கோடு. அப்போது வியூஸ் தனி மாட்யூல். 2015 நவம்பரில் வந்த ட்ரூப்பல் 8-இல்தான் கோருக்குள் வந்தது. 7-க்கான ஆதரவு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனால் தேடினால் இன்னும் அந்தக் காலத்துக் குறிப்புகள்தான் முதலில் வந்து நிற்கின்றன. ஹேண்ட்லர் என்ற சாவியைக் கண்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை

சம்மரியில் பெயரே இல்லாமல் ஒரு வரி வருகிறது, எண் மட்டும் நிற்கிறது என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஆண்டு நிரப்பாத மலர்கள் அவை. நாட்காட்டி விளம்பரம்கூட இல்லாதவை எங்களிடமும் சில உண்டு. சாதாரண ஃபில்டரில் ஃபீல்டு_வருடம் காலியாக இல்லை என்று ஒன்று சேர்த்தால் போய்விடும்.

இன்னொருவர் கண்டுபிடித்தது எனக்கே புதிது. முகவரியில் 1950abc என்று தட்டினாலும்... மன்னிக்கவும், தமிழ் எழுத்தில்தான் என்று சொன்னேன், 1950லாலா என்று தட்டினாலும் ஐம்பதுகளின் பக்கம் திறக்கிறது. மைஎஸ்க்யூஎல் எண்ணோடு எழுத்தை ஒப்பிடும்போது முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறது, அதனால். கண்டெக்ஸ்சுவல் ஃபில்டரிலேயே வேலிடேஷனை நியூமெரிக் என்று வைத்து, பொருந்தாவிட்டால் பக்கம் இல்லை என்று காட்டச் சொல்லுங்கள். நானும் நேற்றிரவு அப்படி மாற்றிவிட்டேன், 1950லாலா இப்போது 404-க்குப் போகிறது.