துடைத்தும் திரும்பி வரும் வைரஸ்: வீட்டுக் கணினியை முறையாகத் தூய்மைப்படுத்துவது எப்படி?

என் சித்தப்பாவின் மடிக்கணினியை ஒரே கோடையில் மூன்று முறை சுத்தம் செய்து கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் ஸ்கேன் செய்ததும் வைரஸ் அகப்பட்டது, நீக்கப்பட்டது, பத்து நாளில் மீண்டும் தலைகாட்டியது. மூன்றாம் முறைதான் ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். 'இதைச் சோதிக்க வேண்டாம்' என்று ஒரு கோப்புறை அதில் சேர்க்கப்பட்டிருந்தது. விலை கொடுத்து வாங்க வேண்டிய ஒரு மென்பொருளை இலவசமாகத் திறந்து தரும் 'ஆக்டிவேட்டர்' ஒன்றை அவர் இறக்கியிருந்தார்; அதனுடன் வந்த குறிப்பு சொன்னபடி அந்தக் கோப்புறையை அவரே விலக்கியும் வைத்திருந்தார். வைரஸின் மூலக் கோப்பு அங்கே பத்திரமாக இருந்துகொண்டு, நான் நீக்கியதையெல்லாம் மீண்டும் மீண்டும் உருவாக்கிக்கொண்டிருந்தது.

ஒரே கணினிக்குத் திரும்பத் திரும்ப வைரஸ் வருகிறதென்றால், பழையது முழுதாக நீங்கவில்லை அல்லது அது நுழைந்த வழி இன்னும் அடைக்கப்படவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஆகவே கீழ்க்காணும் படிகளைத் தயவுசெய்து வரிசை மாற்றாமல் செய்யுங்கள். விண்டோஸ் 11-இல் உள்ள பெயர்களையே குறிப்பிட்டிருக்கிறேன். விண்டோஸ் 10-இலும் பெரும்பாலானவை இதே பெயரில்தான் இருக்கும்.

படி 1: வந்திருப்பது வைரஸ்தானா என்று பாருங்கள்

திரையின் வலது கீழ் மூலையில் 'உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன, உடனே அழுத்துங்கள்' என்று அடிக்கடி எட்டிப்பார்க்கும் எச்சரிக்கைகளைக் கண்டு அஞ்சுபவர்கள் ஏராளம். அவற்றில் பெரும்பகுதி வைரஸே அல்ல. ஏதோ ஓர் இணையதளம் 'அறிவிப்புகளை அனுப்பலாமா' என்று கேட்டபோது, நாம் படிக்காமல் 'அலவ்' என்பதை அழுத்தியதன் விளைவு அது. குரோம் உலாவியில் 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று வரிசையாகச் சென்றால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒவ்வொன்றையும் நீக்குங்கள். எச்சரிக்கை அதோடு நின்றுவிட்டால் பெரிய வேலை மிச்சம். அந்த எச்சரிக்கையில் இருக்கும் தொலைபேசி எண்ணை மட்டும் ஒருபோதும் அழைக்காதீர்கள். மறுமுனையில் இருப்பவர் உங்கள் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கேட்பார், பிறகு பணம் கேட்பார்.

படி 2: ஆன்டிவைரஸை முதலில் சரிசெய்யுங்கள்

சுத்தம் செய்து முடியும்வரை அந்தக் கணினியில் வங்கிக் கணக்கையோ மின்னஞ்சலையோ திறக்காதீர்கள். அடுத்து, 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து, 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்' பகுதிக்குள் 'மேனேஜ் செட்டிங்ஸ்' என்பதை அழுத்துங்கள். அங்கே 'ரியல் டைம் புரொடெக்ஷன்', 'டேம்பர் புரொடெக்ஷன்' ஆகிய இரண்டும் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். அதே பக்கத்தின் அடியில்தான் 'எக்ஸ்குளூஷன்ஸ்' என்ற விலக்குப் பட்டியல் இருக்கிறது. சாதாரண வீட்டுக் கணினியில் அது காலியாக இருப்பதே முறை. அதில் எது இருந்தாலும் நீக்கிவிடுங்கள். நாமாகச் சேர்க்காவிட்டாலும் வைரஸே தன்னை அங்கே சேர்த்துக்கொள்வது உண்டு.

கணினி வாங்கும்போதே உடன்வந்து, சந்தா முடிந்து, பெயருக்கு மட்டும் இருக்கும் ஆன்டிவைரஸ் ஏதேனும் இருந்தால் அதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். விண்டோஸுடனேயே வரும் டிஃபெண்டர் அதன் இடத்தில் தானாக இயங்கத் தொடங்கும். இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒரே நேரத்தில் இயக்குவதால் பாதுகாப்பு இரட்டிப்பாகாது, கணினிதான் திணறும்.

படி 3: இரண்டு வகை ஸ்கேன்

வைரஸ் விவரங்களைப் புதுப்பித்த பிறகு வைஃபையைத் துண்டித்துவிட்டு, 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'ஃபுல் ஸ்கேன்' செய்யுங்கள். இதற்குச் சில மணி நேரம்கூட ஆகலாம். அது முடிந்ததும் அதே பட்டியலில் உள்ள 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினி தானாக மறுதொடக்கமாகி ஏறத்தாழ 15 நிமிடம் சோதனை நடத்தும். விண்டோஸ் வழக்கம்போல் இயங்கும்போது வைரஸும் சேர்ந்து இயங்குவதால் தன்னை மறைத்துக்கொள்ள அதற்கு வாய்ப்பு இருக்கிறது. ஆஃப்லைன் ஸ்கேனோ விண்டோஸ் முழுதாகத் தொடங்குவதற்கு முன்பே நடப்பதால் அந்த வாய்ப்பைப் பறித்துவிடுகிறது. திரும்பத் திரும்ப வரும் வைரஸுக்கு இந்த ஸ்கேனைத் தவிர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

படி 4: ஒளிவிடங்களைத் தேடுங்கள்

இந்தப் படியில்தான் பொறுமை தேவை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பகுதியில், கணினியைத் திறந்தவுடன் தாமாக இயங்கும் செயலிகள் இருக்கும். அறிமுகமில்லாத பெயரின்மேல் வலது சொடுக்கி 'ஓபன் ஃபைல் லொகேஷன்' கொடுத்து, அது எங்கிருந்து இயங்குகிறது என்று பாருங்கள். 'டெம்ப்' போன்ற தற்காலிகக் கோப்புறையிலிருந்து இயங்கினால் ஐயப்பட வேண்டியதே. அடுத்து 'டாஸ்க் ஷெட்யூலர்' செயலியில் உள்ள 'லைப்ரரி'யைப் பாருங்கள். குறித்த நேரத்தில் தன்னை மீண்டும் எழுப்பிக்கொள்ளும் வைரஸ்கள் இங்கேதான் பதிவு செய்துகொள்கின்றன. ஐயமானதை உடனே அழிக்காமல் 'டிசேபிள்' மட்டும் செய்து, ஓரிரு நாள் கவனித்துவிட்டு அழிப்பது நல்லது.

உலாவியின் எக்ஸ்டென்ஷன்களில் (உலாவியோடு சேர்ந்து இயங்கும் சிறு துணைநிரல்கள்) நீங்கள் நிறுவாதவற்றை நீக்குங்கள். நீக்கிய எக்ஸ்டென்ஷன் மறுநாளே திரும்பி வந்தால், உலாவியின் அமைப்புகளை உங்கள் எல்லாக் கணினிகளிலும் ஒன்றாக வைத்திருக்கும் 'சிங்க்' வசதி வழியாக வேறொரு கணினியிலிருந்து அது வருகிறதா என்று பாருங்கள்; அப்படியானால் அங்கும் நீக்கினால்தான் இங்கும் நீங்கும்.

பென் டிரைவை மறக்காதீர்கள். ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துச் சென்று வந்த பென் டிரைவில் கோப்புறைகள் எல்லாம் காணாமல்போய், அதே பெயரில் ஷார்ட்கட்கள் மட்டும் இருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஷார்ட்கட்டை அழுத்தினால்தான் வைரஸ் கணினிக்குள் நுழைகிறது. எனவே வீட்டில் உள்ள எல்லாப் பென் டிரைவ்களையும் ஒவ்வொன்றாகச் செருகி, திறக்காமலேயே வலது சொடுக்கி, டிஃபெண்டர் மூலம் ஸ்கேன் செய்யுங்கள்.

ரவுட்டரும் ஓர் ஒளிவிடமே. சுமார் 40 லட்சம் கணினிகளைப் பிடித்த 'டிஎன்எஸ் சேஞ்சர்' என்ற வைரஸ், கணினியோடு நில்லாமல், கடவுச்சொல் மாற்றப்படாத ரவுட்டர்களின் டிஎன்எஸ் அமைப்பையும் (தளத்தின் பெயரைக் கொண்டு அதன் முகவரியைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) மாற்றியது. அதை இயக்கிய கும்பலில் ஆறு பேர் 2011 நவம்பரில் எஸ்தோனியாவில் கைது செய்யப்பட்டார்கள். ரவுட்டர் தவறான முகவரியைக் காட்டினால், எத்தனை முறை கணினியைத் துடைத்தாலும் நீங்கள் போக நினைத்த தளத்துக்குப் பதில் வேறொன்றுதான் திறக்கும். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் நுழைந்து, அதன் கடவுச்சொல்லை மாற்றி, ஃபர்ம்வேரை (ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பியுங்கள்.

படி 5: வந்த வழியை அடைத்துவிடுங்கள்

விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கி, 150-க்கும் மேற்பட்ட நாடுகளைப் பாதித்த 'வான்னாக்ரை' வைரஸ் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் அப்டேட், அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று வெளியாகியிருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், அதைப் பயன்படுத்துவோர் விண்டோஸ் 11-க்கு மாறுவதே சரி. கணினி அதற்கு ஒத்துழைக்காவிட்டால் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றைத் தயங்காமல் முயலலாம்.

அன்றாட வேலைக்கு நிர்வாகி அல்லாத கணக்கைப் பயன்படுத்துங்கள். 'செட்டிங்ஸ்', 'அக்கவுண்ட்ஸ்', 'அதர் யூசர்ஸ்' பகுதியில் புதிய கணக்கு ஒன்றை உருவாக்கி, அதை 'அட்மினிஸ்ட்ரேட்டர்' ஆக்குங்கள். பிறகு அதன் வழியாக நுழைந்து, உங்கள் வழக்கமான கணக்கை 'ஸ்டாண்டர்டு யூசர்' என மாற்றுங்கள். இனி எந்த மென்பொருள் கணினியின் உள்ளமைப்பை மாற்ற முயன்றாலும் அந்த நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். குழந்தைகள் விளையாடும் கணினியில் இது மிகுந்த பயன் தரும்.

ஃபைல் எக்ஸ்புளோரரில் 'வியூ', 'ஷோ', 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதையும் இயக்குங்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' வைரஸ், காதல் கடிதம் போன்ற சாதாரண உரைக் கோப்பாகத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. பெயரின் கடைசிப் பகுதியை விண்டோஸ் மறைத்ததால் அது இயங்கும் நிரல் என்று பலருக்குத் தெரியவில்லை. இன்றும் 'பில்' என்று மின்னஞ்சலோடு வரும் கோப்புகளில் இதே உத்திதான்.

அண்மைக் காலத்து ஏமாற்று ஒன்றைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் அழுத்தி, பிறகு பேஸ்ட் செய்து, என்டர் தட்டுங்கள்' என்று ஒரு தளம் சொன்னால் உடனே அதை மூடிவிடுங்கள். உங்கள் கையாலேயே வைரஸை இறக்கவைக்கும் கட்டளை அது. எந்த உண்மையான சரிபார்ப்பும் அப்படிக் கேட்பதில்லை.

படி 6: கடவுச்சொற்களை வேறொரு சாதனத்தில் மாற்றுங்கள்

இன்றைய வைரஸ்களில் பல, உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் உள்நுழைவுத் தகவல்களையும் திருடவே வருகின்றன. பாதிக்கப்படாத கைபேசியிலிருந்து முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி என்ற வரிசையில் மாற்றுங்கள். மின்னஞ்சல் பறிபோனால் அதைக் கொண்டே மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிட முடியும். 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் கட்டாயம் அழுத்துங்கள், இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் இயக்குங்கள். பணம் போயிருந்தால், இந்தியாவில் இருப்பவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

படி 7: பதினைந்து நாள் கழித்து

படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, எடுத்தவுடன் கழற்றி வையுங்கள். செருகியே வைத்திருந்தால் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். இரண்டு வாரம் கழித்து 'புரொடெக்ஷன் ஹிஸ்டரி'யைத் திறந்து பாருங்கள். அதே வைரஸின் பெயர் மீண்டும் அங்கே இருந்தால், இன்னொரு ஸ்கேனுக்கு நேரம் செலவிட வேண்டாம். 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ரெக்கவரி' பகுதியில் 'ரீசெட் திஸ் பிசி' கொடுத்து, 'ரிமூவ் எவ்ரிதிங்', 'கிளவுட் டவுன்லோடு' ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். இதற்கு 4 ஜிபிக்கு மேல் டேட்டா செலவாகலாம். முடிந்ததும் வெளி டிஸ்க்கிலிருந்து படங்களையும் ஆவணங்களையும் மட்டும் ஸ்கேன் செய்து திரும்ப எடுங்கள். மென்பொருள்களை அதிலிருந்து எடுக்காமல், அவற்றை வெளியிட்டவர்களின் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள்.