ஐகானை அழித்தால் மென்பொருள் போகாது

டெஸ்க்டாப்பில் உள்ள ஐகானை டெலிட் செய்தால் மென்பொருளே போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். போவது ஷார்ட்கட், அதாவது மென்பொருளைத் திறக்கும் குறுக்குவழி மட்டும்தான். மென்பொருள்கள் குடியிருக்கும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் நுழைந்து ஃபோல்டரையே அழிப்பது இன்னும் மோசம். நீக்குவதற்கான கோப்பும் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். அதுவும் போய்விட்டால் இன்ஸ்டால் ஆனவற்றின் பட்டியலில் பெயர் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்.

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்ட் ஆப்ஸ் என்று போங்கள். பெயருக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் அன்இன்ஸ்டால் வரும். அதற்கு முன் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். ஏதோ ஒன்றை இறக்கிய அன்றே, கேட்காமலே கூடவே ஒட்டிக்கொண்டு வந்தவை பக்கத்திலேயே தெரியும். எனக்கு மிகவும் கைகொடுப்பது இதுதான்.

சரி, எதைத் தொடக்கூடாது? மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்று 2010, 2013 என ஆண்டுகளோடு பல வரிகள் இருக்கும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதே என்று கை வைத்துவிடாதீர்கள். வேறு மென்பொருள்கள் ஆளுக்கொரு பதிப்பை நம்பி ஓடுகின்றன. கணினியின் கருவிகளை இயக்க உதவும் டிரைவர்கள் மீதும் கை வைக்க வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் முதலில் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்கிவிடுங்கள்; ஏதாவது கெட்டால் கணினியின் அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அது உதவும். விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி கிளீனர்கள் பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.