மழை நாளுக்கு ஓர் ஆடுபுலி: அட்டையில் வரைந்து ஆடிப் பழகலாம்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜூன் பிறந்துவிட்டால் மழை விட்டாலும் தூவானம் விடாது. பிள்ளைகள் காம்பராவுக்கும் (அறை) இஸ்தோப்புக்குமாக (முன் திண்ணை) அலைவார்கள். கரண்டும் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். அப்படியான ஒரு சாயங்காலத்துக்குத்தான் இந்த ஆடுபுலி ஆட்டம். ஏழு வயதுப் பிள்ளையும் அம்மாயியும் சரிக்குச் சரி உட்கார்ந்து ஆடலாம். தாயத்தைப் போல விழுகிற எண்ணை நம்பியிருக்கத் தேவையில்லை, தோற்றால் பழி நம் தலையில்தான்.

கோலம் போடுதல்

30 செ.மீ. சதுரமான பெட்டி அட்டை ஒன்று போதும்.

1. மேலே நடுவில் ஒரு புள்ளி. இதுதான் கூம்பு.
2. அதிலிருந்து 26 செ.மீ. கீழே, 24 செ.மீ. நீளத்தில் அடிக்கோடு. 8 செ.மீ.க்கு ஒன்றாக 4 புள்ளிகள். கூம்பிலிருந்து நாலுக்கும் நாலு கோடு.
3. கூம்பிலிருந்து 10, 15, 20 செ.மீ. இறக்கத்தில் குறுக்கே மூன்று கோடுகள், ஒவ்வொன்றும் 28 செ.மீ. இவற்றின் இடது நுனிகளை ஒரு கோட்டாலும் வலது நுனிகளை ஒரு கோட்டாலும் சேருங்கள்.

இப்போது கோடுகள் சந்திக்கிற இடங்களை எண்ணுங்கள். 23 வரவேண்டும். 17தான் வருகிறதா? குறுக்குக் கோடுகளை முக்கோணத்துக்குள்ளேயே நிறுத்திவிட்டீர்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் செய்தேன். அவை இரண்டு பக்கமும் வெளியே நீளவேண்டும்.

புலிக்குத் தேயிலை விதை மூன்று. கவாத்து வெட்டாமல் மரமாக வளர்ந்த பழைய தேயிலையின் அடியில் கிடைக்கும், இல்லாவிட்டால் சட்டைப் பொத்தான். ஆட்டுக்கு 15 கடலை. அவிக்காத கடலையாக இருக்கட்டும்.

ஆடும் விதம்

கூம்பில் ஒரு புலி, மேல் குறுக்குக் கோட்டின் நடுவில் உள்ள இரண்டு புள்ளிகளில் மற்ற இரண்டும். ஆட்டுக்காரர் ஒரு ஆடு வைப்பார், புலிக்காரர் ஒரு புலியை நகர்த்துவார். இப்படியே மாறி மாறி. 15 ஆடும் இறங்கும் வரை எந்த ஆடும் நகரக்கூடாது. அதன்பின் ஆடும் கோட்டின் வழியே பக்கத்து வெற்றுப் புள்ளிக்கு ஒரு அடி போகலாம்.

புலிக்கும் ஒரு அடிதான். ஆனால் பக்கத்தில் ஆடு நின்று, அதே நேர்கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருந்தால் தாண்டி வெட்டலாம். ஒரு முறைக்கு ஒரு ஆடு. கோடு வளைகிற இடத்தில் தாண்டல் செல்லாது. எங்கள் வீட்டில் சண்டை வருவதெல்லாம் இந்த இடத்தில்தான்.

மூன்று புலியும் நகர வழியில்லாமல் கட்டுப்பட்டால் ஆடு ஜெயிக்கும். எத்தனை ஆட்டை வெட்டினால் புலி ஜெயிக்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும். புதிதாகப் பழகுகிறவர்கள் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடு ஏன் தோற்கிறது?

பிள்ளைகள் ஆட்டை எடுத்ததும் புலிக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பார்கள். பத்து நிமிஷத்தில் மந்தை காலி. கோலத்தை ஒரு தரம் உற்றுப் பாருங்கள். மேல் குறுக்குக் கோட்டின் இரண்டு நுனி, கீழ்க் குறுக்குக் கோட்டின் இரண்டு நுனி, அடிக்கோட்டின் இரண்டு நுனி: இந்த ஆறு மூலையிலும் நிற்கிற ஆட்டைத் தாண்டிக் குதிக்கப் புலிக்கு இடமே இல்லை. முதல் ஆறு ஆட்டையும் அங்கே வையுங்கள். பிறகு இரண்டு ஓரங்களின் நடுப்புள்ளி, அடிக்கோட்டின் உள்புள்ளி இரண்டு. இருபுறமும் மூலை ஆடு நிற்பதால் இவையும் பத்திரம். பத்து ஆடு, ஒன்றைக்கூட வெட்ட முடியாத வேலி.

மூலையில் புலியே வந்து உட்கார்ந்துகொண்டால்? உட்காரட்டும். அடிக்கோட்டு மூலையில் இருக்கும் புலியைக் கட்ட 4 ஆடு போதும்: பக்கத்தில் இரண்டு, அவற்றுக்குப் பின்னால் தாண்ட விடாமல் இரண்டு. கூம்பில் இருக்கும் புலியைக் கட்ட 8 வேண்டும். அதனால்தான் பழகிய கை புலி பிடித்தால் கூம்பை லேசில் விட்டுக்கொடுக்காது.

வேலி கட்டியதும் ஜெயித்தாயிற்று என்று நினைக்கவேண்டாம். 23 புள்ளியில் 18 காய்கள், மீதி 5 இடம்தான் காலி. 15வது ஆடும் இறங்கியபின் உங்கள் முறை வந்தால் ஏதாவது ஒரு ஆட்டை நகர்த்தியே ஆகவேண்டும், அப்போது வேலியில் ஓட்டை விழும். நகர்த்துமுன் ஒன்றே ஒன்று பாருங்கள்: போகிற இடத்தில் அந்த ஆட்டின் முதுகுப்பக்கம் இன்னொரு ஆடு இருக்கிறதா, விட்டுவந்த காலியிடத்துக்கு எந்தப் புலியாவது தாண்ட முடியுமா? பெரியவர்களும் அவசரத்தில் இரண்டாவதை மறந்துவிடுவார்கள்.

தனியாக இருக்கும் பிள்ளைக்கு இதிலேயே ஒரு புதிரும் போடலாம். நடுக் குறுக்குக் கோட்டின் உள்புள்ளி ஒன்றில் ஒரு புலியை மட்டும் வைத்து, எத்தனை ஆட்டால் கட்டலாம் என்று கேளுங்கள். விடையைச் சொல்லாதீர்கள், கடலையை மட்டும் கொடுங்கள்.

ஒரு ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறி ஆடவேண்டும். தொடங்குமுன் ஆட்டை எண்ணிக்கொள்ளுங்கள். போன வாரம் 13தான் இருந்தது. மீதி இரண்டும் சின்னவன் வாயில்.